உதவ வந்த ஆசிரியர்கள்

1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், 51 அமெரிக்கத் தொண்டூழியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வந்திறங்கினர். அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ அமைப்பு அந்நாட்டுக்கு அனுப்பிய முதல் குழு அது. விமான நிலையத்திலேயே அவர்கள் உள்ளூர் மொழிகளுள் ஒன்றான துவி மொழியில் பாடினர்.

கானா 1957இல்தான் விடுதலை பெற்றிருந்தது. பள்ளிகள் பெருகின, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. அக்குறையை ஈடுசெய்யவே இவர்கள் இடைநிலைப்பள்ளிகளில் பாடம் நடத்தச் சென்றனர். பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். பெரிய சம்பளம் இல்லை. எளிமையாக வாழப் போதுமான படித்தொகையே கிடைத்தது.

இவ்வமைப்பின் நோக்கங்கள் மூன்று. தேவைப்படும் நாடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்களை அனுப்புவது முதல் நோக்கம். அந்நாட்டு மக்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்வதும், அமெரிக்கர்கள் அம்மக்களைப் புரிந்துகொள்வதும் மற்ற இரண்டு. ஆகவே, கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

ஆயினும், இத்தகைய உதவிக்கு ஓர் எல்லை உண்டு. மாணவர்களையும் ஊரையும் ஆசிரியர் நன்கு அறிந்துகொள்ளும் வேளையில் இரண்டு ஆண்டுகள் முடிந்துவிடும். அவர் புறப்பட்டபின் வகுப்பு தடைப்படாதிருக்க, உள்ளூரிலேயே ஆசிரியர்கள் உருவாக வேண்டும்.

மலாயாவுக்கும் 1962இல் இத்தொண்டூழியர்கள் வந்தனர்; ஆசிரியர்களாகவும் தாதியராகவும் பணியாற்றினர். காலப்போக்கில் நாட்டிலேயே பயிற்சி பெற்றோர் பெருகினர். 1983இல் அத்திட்டம் நிறைவுற்றது. உதவ வந்தவர் இல்லாமலேயே பள்ளி நன்கு நடக்குமானால், அதுவே அவருடைய உழைப்புக்குக் கிடைத்த வெற்றி.