சரிவு நிலத்தில் ஒரு வரைகூடம்

பெங்களூரில் சரிவான மனை என்றால் முதலில் வந்து நிற்பது ஜே.சி.பி. இயந்திரம்தான். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய பிறகே வரைபடம் பற்றிய பேச்சு எழும். வீட்டு மனைக்கு இதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். கட்டடக்கலை மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து வரையும் கூடத்திற்கு அது பெரிய இழப்பு என்பது, இக்கலையைக் கற்பித்து வரும் என் கருத்து. இத்துறைக்குச் செல்ல எண்ணும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று அதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டு. அதில் ஆசிரியர் சொல்லித் தருவதைப் போலவே அடுத்த மேசையும் சொல்லித் தருகிறது. மூத்த மாணவி அட்டை வெட்டி மாதிரி செய்வதைப் புதிதாய் வந்தவன் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால், அன்றிரவே அவன் கத்தி பிடிக்கும் விதம் மாறும். ஆண்டுக்கொரு அறை, அறைக்கொரு கதவு என்று கட்டிவிட்டால் இந்தப் பாடம் போயிற்று.

இதை நன்கு உணர்ந்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1962இல் அகமதாபாத்தில் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளிக்கு அவரே கட்டடமும் வகுத்தார். செங்கல் சூளைகள் இருந்த மேடுபள்ளமான நிலம் அது. அந்த ஏற்றத்தாழ்வை அவர் பயன்படுத்திக்கொண்டார். கீழே திறந்தவெளி, மேலே வடக்கு வெளிச்சம் இறங்கும் உயரமான வரைகூடங்கள். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரும் அவரே. அவர் கைவண்ணத்தைக் காண அகமதாபாத் வரை போக வேண்டியதில்லை. நம் பன்னேர்கட்டா சாலையிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் கருங்கல் நடைகூடங்களைப் பாருங்கள். வகுப்பு முடிந்தும் நின்று பேசத் தோன்றும்.

அமெரிக்காவின் ஹார்வர்டில் 1972இல் ஜான் ஆண்ட்ரூஸ் கட்டிய கண்ட் ஹாலில் வேடிக்கை வேறு. அங்கே ஒரே கூரையின் கீழ், ஐந்து தட்டுகளாகப் படிப்படியாய் இறங்குகிறது கூடம். நிலத்தில் இல்லாத சரிவை அவர்கள் செலவழித்து உண்டாக்கினார்கள்; நாமோ இருக்கும் சரிவைச் செலவழித்து அழிக்கிறோம்!

இனி கணக்கு. கட்டடம் நிற்குமிடம் கிழக்கு மேற்காக 40 மீட்டர், தெற்கு வடக்காக 30 மீட்டர் என்று கொள்வோம். தெற்கு விளிம்பை விட வடக்கு விளிம்பு 3 மீட்டர் தாழ்வு. இதை ஒரே சமதளமாக்க 450 கன மீட்டர் மண்ணை வெட்டி மறுபாதியில் கொட்ட வேண்டும். கொட்டிய மண் மழைக்கு மழை அமுங்கும், தரை வெடிக்கும். அதே நிலத்தை 6 மீட்டர் அகலமுள்ள ஐந்து தட்டுகளாக, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் தாழ்வாக அமைத்தால் வெட்டும் மண் 90 கன மீட்டர் மட்டுமே.

ஐந்து தட்டு, ஐந்து ஆண்டு. யாரை எங்கே உட்கார வைப்பது? மூத்தவர்களுக்கு உயர்ந்த இடம் என்றுதான் நம் பழக்கம் சொல்லும். நான் தலைகீழாகச் சொல்வேன்: முதலாண்டு மாணவர்கள் உச்சியில் அமரட்டும். அங்கிருந்து பார்த்தால்தான் மற்றெல்லா மேசைகளும் கண்ணில் படும். மடிக்கணினி வந்தபின் வேலை திரைக்குள் ஒளிந்துகொண்டது என்பதால், பக்கச் சுவர் முழுதும் தாள் குத்தி வைக்கும் பலகையும் வேண்டும். மரம் அறுக்கும் இயந்திரம் மட்டும் இக்கூடத்துக்குள் வரவே கூடாது.

வடக்கே இறங்கும் நிலத்தில் கூரையும் படியாக இறங்கும். கூரைப் படிகளின் செங்குத்து முகங்கள் வடக்கு நோக்கி நிற்கும். அங்கே கண்ணாடி வைத்தால் மேசைக்கு நிழல் விழாத ஒளி கிடைக்கும். 60 சென்டிமீட்டர் போதாது. ஒவ்வொரு கூரையையும் வடக்கு நோக்கி 60 சென்டிமீட்டர் தூக்கினால் கண்ணாடி உயரம் 1.2 மீட்டர் ஆகும். வடக்கு என்பதால் வெயிலே வராது என்று எண்ணிவிடாதீர்கள். நாம் 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஆனால் ஜூன் மாதத்திலும் அது உச்சியிலிருந்து பத்துப் பாகைதான் சாய்கிறது. 25 சென்டிமீட்டர் இறவாரமே நண்பகல் வெயிலைத் தடுத்துவிடும். காலை மாலை வெயிலுக்குக் கண்ணாடிக்கு இடையிடையே செங்குத்துப் பலகைகள் தேவை.

இந்த அமைப்பில் எனக்கு அச்சம் தருவது நீர். மேலே சொன்ன கூரையில் மழைநீர் கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்துக்கே ஓடிவரும். ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 1,200 சதுர மீட்டர் கூரையில் அது பதினொன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். பள்ளத்தை நடுவில் உயர்த்தி இரு முனைக்கும் சரிவு கொடுத்து, சருகு அள்ள ஆள் நடக்கும் அகலமும் விட வேண்டும். தெற்கே மேட்டிலிருந்து வரும் நீரை மடக்க ஒரு வாய்க்கால், தாங்குசுவர்களில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள், கீழே சேமிப்புத் தொட்டி. மிஞ்சும் நீர் ராஜகாலுவைக்குச் செல்லட்டும். சங்கிலியாக ஏரிகளை அமைத்த முன்னோர் இந்த ஊரின் சரிவை இப்படித்தான் வாசித்தார்கள்.

தட்டு என்றால் படி. படி என்றால் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எங்கே போவார்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்துக்குப் பின் இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. இந்த நிலம் பத்துக்கு ஒன்று சரிவு. சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று வேண்டும். எனவே 60 சென்டிமீட்டர் இறங்க 7.2 மீட்டர் நீளம் தேவை. தட்டின் அகலமோ 6 மீட்டர். நேராக இறங்க முடியாது, தட்டின் நீளவாக்கில்தான் ஓட்ட வேண்டும். 1.2 மீட்டர் அகலமுள்ள நான்கு சாய்தளங்களுக்கும் சேர்த்து 35 சதுர மீட்டர், அதாவது மொத்தப் பரப்பில் நூற்றுக்கு மூன்று. இடமில்லை என்று மாணவர்கள் இதைக் கடைசியில் கழிப்பறை ஓரமாக வரைந்து கொண்டுவருவார்கள். நான் முதல் கோடாக அதையே வரையச் சொல்கிறேன். ஒட்டுப்பலகையில் ஏற்றிய மாதிரியை இருவர் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அதே வழியில்தான்.