ஜூலையில் சார்ல்ஸ்டனா? முதலில் ஒரு டேபிள் ஃபேன் எடுத்துவை

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சார்லட்டிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு மூன்றரை மணி நேரம், மூன்று நாள், இரண்டு பிள்ளைகள், ஒரு கூடாரம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நாம பார்க்காத வெயிலா அக்கா" என்றாய் பார், அங்கேதான் தப்பு. ஜூலையில் பகலில் 33 டிகிரி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதோடு கடல் ஈரம். சென்னை மே மாதம் என்று வைத்துக்கொள். ஆனால் ஊரில் நமக்கு மொசைக் தரை இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. நைலான் கூடாரத்துக்குள் ராத்திரி படுத்தால் இட்லிப் பானைக்குள் மாவு படுத்திருப்பது போலத்தான். ஆகவே கரன்ட் வசதியுள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய். ஒரு டேபிள் ஃபேன், வெளியில் போடுவதற்கென்றே விற்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், இரண்டும் வண்டியில் முதலில் ஏறட்டும். ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். பழைய காட்டன் புடவை இரண்டு கொண்டு போ, விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று.

நான் தங்கியது ஜேம்ஸ் ஐலண்ட் கவுன்டி பூங்கா. நகரத்துக்குப் பதினைந்து நிமிடம்தான், வெந்நீரோடு குளியலறை உண்டு, பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு இடமும் உள்ளேயே இருக்கிறது. கடல் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கணும் என்றால் எடிஸ்டோ பீச் ஸ்டேட் பார்க் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊரைப் பார்க்கப் போகிறவள் அங்கே தங்கினால் பாதி நாள் காரிலேயே போய்விடும். எதுவானாலும் சனி, ஞாயிறுக்கு மாதக் கணக்கில் முன்னாலேயே பதிவு செய்யணும். குளிக்க ஒரு சின்ன வாளியும் குவளையும் எடுத்துக்கொள், சிரிக்காதே. ஷவரில் நின்று மணல் அப்பிய பிள்ளையைக் கழுவிப் பார்த்தால் புரியும்.

கூடாரம் எங்கே அடிப்பது? கிழக்குப் பக்கம் மர நிழல் இருக்கிற இடத்தில். இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கே வெந்துவிடுவாய். அப்புறம், கொஞ்சம் மேடாக. முதல் தடவை நான் காலால் அழுத்திப் பார்த்து, "ஆகா, மெத்தை மாதிரி இருக்கே" என்று ஒரு பள்ளத்தில் அடித்தேன். மெத்தென்று இருந்ததற்குக் காரணம், மழைத் தண்ணீர் வழக்கமாகத் தேங்கும் இடம் அது. சாயங்காலம் நாலு மணிக்கு இடி இறங்கியது. அரை மணி நேரத்தில் உன் அத்தான் செருப்பு ஒன்று கூடாரத்துக்குள்ளேயே மிதந்து என் தலையணைப் பக்கம் வந்தது. கோடையில் அங்கே பிற்பகல் இடிமழை அடிக்கடி நடக்கிற சங்கதி. கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நாலு பக்கமும் உள்ளே மடித்து விடு. நீட்டியிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து நேராக உன் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். மண் மணற்பாங்கு, கூடாரத்தோடு வரும் குச்சி ஆணிகள் நிற்காது. நீளமான முளைகளும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள்.

சாப்பாட்டு விஷயம். இட்லி மாவு கொண்டு போகிறேன் என்றாயே, நானும் கொண்டு போனேன். டப்பா நிறைய அடைத்து, காலையில் புளித்திருக்கும் என்று ராத்திரி ஐஸ் பெட்டிக்கு வெளியே வைத்தேன். வீட்டில் ஏசியில் பத்து மணி நேரம் பிடிக்கிற மாவு அந்தப் புழுக்கத்தில் நடு ராத்திரியே பொங்கி, மூடியைத் தள்ளி, மேசையில் வழிந்து, எறும்பு வரிசை கட்டிவிட்டது. வீட்டிலேயே புளிக்க வைத்து, பாதி டப்பா மட்டும் ஊற்றி, ஐஸுக்குள்ளேயே வை. முதல் நாளுக்குப் புளியோதரை போதும். இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ்வும் இரும்புக் கல்லும் இருந்தால் மற்ற இரண்டு நாளும் தோசையில் ஓடிவிடும். விறகு மட்டும் இங்கிருந்து ஏற்றிப் போகாதே. மரத்தைத் தின்னும் பூச்சிகள் விறகோடு ஊர் விட்டு ஊர் போய்க் காட்டையே அழிக்கின்றன, அங்கேயே வாங்கிக்கொள்.

ராத்திரி ஒரு பண்டம்கூட வெளியே இருக்கக் கூடாது. ரக்கூன் வரும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, நிஜத் திருடன் முகம், விரல் நம் விரல் மாதிரியே வேலை செய்யும். அம்மா அனுப்பிய முறுக்கு டப்பாவை அது திருகித் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கடித்தது. ஐஸ் பெட்டி உட்பட எல்லாம் காருக்குள் போய்விடட்டும்.

பூச்சியில் கொசுவைவிட மோசம் ஒன்று உண்டு, 'நோ-சீ-அம்' என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி கண்ணுக்கே தெரியாது, சாதாரண வலைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். விடியற்காலையிலும் அந்தியிலும் காற்று நின்றால் வரும். காற்றடித்தால் அதற்குப் பறக்கத் தெரியாது. ஃபேன் எதற்கு என்று இப்போது தெரிகிறதா? மரத்திலிருந்து சடைசடையாகத் தொங்குமே ஸ்பானிஷ் மாஸ், பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. பிள்ளைகள் தரையில் கிடப்பதை எடுத்துத் தாடி வைத்து விளையாடுவார்கள். விடாதே, அதில் கடிக்கிற சிறு உண்ணிகள் இருக்கலாம். குளம் குட்டைப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதே. அந்தப் பகுதித் தண்ணீர் எதிலும் முதலை இருக்கக்கூடும் என்றே நினைத்துக்கொள்.

இனி ஊர் சுற்றுவது. பார்க்க வேண்டிய இடப் பட்டியலை வைத்துக்கொண்டு கிளம்பினால் அந்த ஊர் உன்னைத் தோற்கடிக்கும். வெயிலையும் ஓதத்தையும் வைத்து நாளைப் பிரி. கடல் அங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஐந்து அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. போனில் ஓத அட்டவணை பார்க்கும்போது 7 அடி என்று கண்டால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வரும் என்று அர்த்தம், மழையே வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒரு தெருவில் வண்டியை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது உப்புத் தண்ணீர் டயர் பாதிக்கு நின்றது. விசிட்டர் சென்டர் பக்கத்துக் கட்டடத்தில் காரை நிறுத்திவிட்டு 'டாஷ்' பஸ்ஸில் ஏறு, இலவசம்.

காலையில் முதல் வேலை ஃபோர்ட் சம்டர். துறைமுகத்தின் வாயிலில் இருக்கிற தீவுக் கோட்டை. 1861 ஏப்ரல் 12 அன்று இதன்மேல் விழுந்த குண்டில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. படகில் அரை மணி நேரம், முதல் படகையே பிடி. கோட்டையில் நிழல் குறைவு. தொப்பியைக் காற்று தூக்கிக்கொண்டு போகும், கயிறு கட்டியது போட்டுவிடு.

உச்சி வெயிலுக்கு அருங்காட்சியகம். 2023-ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், காட்ஸ்டன் துறை இருந்த அதே இடத்தில் நிற்கிறது. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஐந்தில் இரண்டு பங்கினராவது இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் இறங்கியிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கட்டடத்தைத் தரையில் ஊன்றாமல் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு. கப்பலில் நெருக்கி அடுக்கப்பட்ட உடல்களின் உருவரை தரையில் பதிந்திருக்கிறது. தண்ணீர் மெல்ல ஏறி அவற்றை மூடும், பிறகு வடியும். இதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். உள்ளே போவதற்கு மட்டும் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மாப்பிள்ளை சொல்லுவார். பெரியம்மா சொன்னாள் என்று கூட்டிப் போ. ரெயின்போ ரோவில் 13 வீடுகள் வரிசையாக வண்ணம் வண்ணமாக நிற்கும், எல்லாரும் படம் எடுப்பார்கள், நீயும் எடு. ஆனால் அந்த ஊர் எதனால் பணக்கார ஊரானது என்றால், அரிசி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு நெல் விளைவிக்கத் தெரியும். சதுப்பை வெட்டி, கரை கட்டி, ஓதத்தைக் கொண்டே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். சோற்றில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். முகாமிலிருந்து சில நிமிடத்தில் மக்லாய்ட் பிளான்டேஷன் இருக்கிறது. அது பருத்தி விளைந்த இடம். மாளிகையைக் காட்டுவதைவிட அடிமைகள் வாழ்ந்த குடிசைகளைப் பற்றித்தான் அங்கே அதிகம் பேசுவார்கள். இந்த ஊர்ப் பக்கத்துப் பழைய செங்கல்களில் சிலவற்றில் விரல் தடம் இருக்கும், ஈரமாக இருக்கும்போது அதைத் தூக்கி வைத்தவர்களுடையது. என் சின்னவள் தொடாமல் தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட அதே அளவு. வண்டியில் ஏறி வெகுநேரம் அவள் எதுவும் கேட்கவில்லை.

மார்க்கெட்டில் ஸ்வீட்கிராஸ் கூடை விற்பார்கள். சின்னக் கூடைக்குச் சொல்லும் விலையைக் கேட்டதும் பேரம் பேச வாய் வரும், அடக்கிக்கொள். நம் பக்கத்து ஓலைக் கொட்டான் முடைவது, இது புல்லைக் கத்தையாகச் சுருட்டிப் பனையோலைக் கீற்றால் வளையம் வளையமாகத் தைப்பது. ஊசி கிடையாது. பழைய ஸ்பூன் காம்பைத் தேய்த்துக் கூராக்கி, அதால் துளை போட்டு ஓலையை நுழைக்கிறார்கள். ஒன்று முடிய நாள் கணக்கில் ஆகும். ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த கல்லா கீச்சி மக்களின் கைவேலை. கேட்டுவிட்டு போட்டோ எடு.

சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் ஓட்டலில் ஜாக்கிரதை. ரெட் ரைஸ் பார்வைக்குத் தக்காளி சாதம், உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். கீரை என்று நம்பி ஆர்டர் செய்தால் அதையும் பன்றி எலும்போடுதான் வேகவைத்திருப்பார்கள். 'மீட் இருக்கா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம், 'எந்தத் தண்ணியில் வேகவெச்சீங்க' என்று கேள். கிரிட்ஸ் பயமில்லை, வெள்ளைச் சோள ரவைக் கஞ்சி மாதிரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒரு நாளைத் தீவுப் பக்கம் ஒதுக்கு. ஜான்ஸ் ஐலண்டில் ஏஞ்சல் ஓக், பல நூறு வயது மரம். கிளைகள் பாரம் தாங்காமல் தரையில் முழங்கை ஊன்றி மறுபடி எழும்பி நிற்கும். ஏற விடமாட்டார்கள், முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடு. அதே வழியில் இன்னும் உள்ளே போனால் வாட்மலா தீவில் தேயிலைத் தோட்டம். நீலகிரியில் மலைச்சரிவில் பார்த்த செடி இங்கே கடல் மட்டத்தில் தட்டையான வயலில் நிற்கிறது, பறிப்பது இயந்திரம். பார்க்க எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடற்கரைக்கு ஃபாலி பீச், ஒன்பது மணிக்குள் போனால்தான் காரை நிறுத்த முடியும். அலை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி நீந்திப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும், இதை மாப்பிள்ளைக்கும் சொல்லு. ஆமைகள் முட்டையிடும் காலம், பிள்ளைகள் தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள், குஞ்சுகள் அதில் விழுந்தால் ஏற முடியாது. புயல் பருவம் ஜூன் 1-லேயே தொடங்கிவிடும், கிளம்பும் முந்தின ராத்திரி ஒருமுறை வானிலை பார்.

திரும்பும்போது சாலையோரத்தில் 'பாய்ல்ட் பீநட்ஸ்' என்று பலகை வைத்திருப்பார்கள். நம் அவித்த வேர்க்கடலைதான், தோலோடு, உப்பு கொஞ்சம் தூக்கலாக. தெற்கு கரோலைனாவின் அதிகாரபூர்வ நொறுக்குத் தீனி அது, 2006-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். இரண்டு பை வாங்கு, ஒன்று எனக்கு. வீட்டுக்கு வந்த அன்றைக்கே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், கூடாரத்தை டெக் கைப்பிடியில் விரித்துப் போடு. நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் விட்ட கூடாரம் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்து, இன்றைக்கும் கராஜில் நாறிக்கொண்டு கிடக்கிறது.