மொறிஸ் மைனரிற் கியர் ஏறாமை: குற்றம் எங்குளது?

1948 தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற மொறிஸ் மைனர்க் கார் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுவதை அன்பர்கள் அறிவர். பெற்றோல் அரிதாகிய 1990களில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் குடித்தும் அது ஓடிற்று. அத்தகைய காரொன்று எம் தந்தையார் வழியாக எம்மிடம் வந்தது. ஒருநாள் அது கியர் ஏற மறுத்துக் கறகறவென உறுமலாயிற்று. பட்டறையொன்றிற் காட்டினோம். கியர்ப்பெட்டி பழுதென்று கழற்றினர்; பற்சக்கரங்கள் இரண்டை மாற்றினர்; பெருந்தொகை பெற்றனர். மீளப் பூட்டிய பின்னும் அதே உறுமல்! ஈற்றிற் கண்ட குற்றமோ, கிளச் மிதியின் கீழுள்ள கோலில் தேய்ந்துபோன சிறு ஆணியொன்றே. அதன் விலையைக் கூற நாணுகின்றோம். கழற்றிய நற்சக்கரங்கள் எம்மிடம் மீளவில்லை.

எஞ்சினோடு சுழலும் பாரச் சில்லுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே உராய்வுத் தட்டொன்று இறுகப் பிடிக்கப்பட்டுள்ளது. மிதியை அழுத்துங்கால் அப்பிடி தளர, கியர்ப்பெட்டியின் முதல் தண்டு எஞ்சினினின்றும் விடுபடுகின்றது. முற்றாக விடுபடாவிடிற் கியர் உறுமும். முற்றாகப் பிடியாவிடில் எஞ்சின் இரைய, கார் ஊரும். இவ்விரண்டும் கிளச்சின் குற்றங்களேயன்றிக் கியர்ப்பெட்டியின் குற்றங்களல்ல.

இதனைப் பிரித்தறியும் வழி எளிது. கார் நிற்க, எஞ்சின் மெல்ல ஓட, மிதியை முழுதும் அழுத்தி ஐந்து வினாடி பொறுத்திருந்து பின்செல்லும் கியரை இடுக. அக்கியருக்குச் சின்குறோமெஷ் இல்லையாதலின் அது பொய் சொல்லாது. ஓசையின்றி ஏறினாற் கிளச் விடுபடுகின்றது, உறுமினால் விடுபடவில்லை.

உறுமுமாயின் ஒருவரை மிதியை அழுத்தச் செய்து, நாம் காரின் கீழ்ச் சென்று நோக்கல் வேண்டும். மைனரின் கிளச் கோலும் நெம்பும் கொண்டே இயங்குவது. ஆணிகள் தேய்ந்தும், அவை புகும் துளைகள் முட்டைவடிவாய் அகன்றும் இருப்பின், மிதி வெகுதூரம் செல்ல, கியர்ப்பெட்டியருகேயுள்ள நெம்பு சிறிதே அசையும். நெம்பு நன்கு அசைந்தும் உறுமல் தீராவிடின், அப்பொழுதே உள்ளே திறந்து பார்த்தல் தகும். மாரிகாலம் முழுதும் ஓடாது நின்ற கார்களில் உராய்வுத் தட்டு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பிடி வழுக்குகின்றதோ என ஐயுறின், கைப்பிறேக்கை இறுக்கி, நாலாங் கியரிலிட்டு, மிதியை மெல்ல விடுக. எஞ்சின் உடனே நிற்றல் வேண்டும். நில்லாது ஓடினால் வழுக்கலே. இச்சோதனை ஒருமுறை போதும். பன்முறை செய்தால் தட்டு கருகும். மிதியின் மேற்பகுதியிற் சிறிது வெற்றசைவு உண்டோ என்பதை முதலிற் பார்க்க. அஃதில்லையேற் கோலின் முனையிலுள்ள சுரையைத் திருத்தினாலே பலவேளை குணமாகும். அடியிலுள்ள சிறு துளையால் ஒயில் சொட்டினால், தட்டு நனைந்துவிட்டதெனக் கொள்க.

பின்கியர் அமைதியாக ஏற, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மாத்திரம் உறுமினால், அதுவே கியர்ப்பெட்டியின் குற்றம். சின்குறோமெஷ் வளையம் தேய்ந்துளது. ஓடும்போது கியர் தானே கழன்றாலும் அவ்வாறே. முதற் கியருக்குச் சின்குறோமெஷ் தொடக்கத்திலேயே இல்லை. கார் நின்றபின் இடாதவருக்கு உறுமத்தான் செய்யும். இன்னொன்று: அப்பெட்டிக்கு உரியது எஞ்சினுக்கு இடும் 30ஆம் இலக்க ஒயிலே. தடித்த கியர் ஒயிலை நன்மையென்றெண்ணி நிரப்பியோர், அதனை வடித்து மாற்றிய பின்னரே வேறெதையும் சோதிக்க.