பெரிய மீன்தாங்கிக்கு ஏற்ற மீன்களைத் தெரிவுசெய்தல்

உடப்புக் கரையோரக் கமக்காரருக்கான குறிப்புகள்

1. முன்னுரை

வீட்டு விறாந்தையில் இரண்டடிக் கண்ணாடித் தாங்கியொன்றை வைத்துச் சில கப்பி மீன்களை வளர்த்துப் பழகிய கமக்காரர், அடுத்தபடியாக நான்கடித் தாங்கியொன்றை வாங்க விரும்புவது இயல்பே. தாங்கி பெரிதானால் வளர்ப்பு எளிதாகும் என்பதும் உண்மையே. நீர் மிகுதியாக இருப்பதால் அதன் வெப்பநிலை விரைவில் ஏறி இறங்குவதில்லை. மீன்களின் கழிவும் விரைவிற் செறிவதில்லை.

ஆயினும், தாங்கி பெரிதாகிவிட்டதால் எவ்வின மீனும் அதில் ஒன்றாக வாழும் என எண்ணுதல் தவறாகும். தாங்கியின் பருமன் மீனின் குணத்தை மாற்றாது. கிணற்று நீரின் தன்மையையும் மாற்றாது. கடையிற் கண்ட அழகிய மீன்களையெல்லாம் ஒரே நாளில் வாங்கி விடுபவர், ஒரு மாதத்துக்குள் மீனையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரிடலாம்.

உவர் ஏறிய வயலுக்கு விதை தெரிவுசெய்யும் கமக்காரர், முதலில் நிலத்தைப் பார்த்து, பின்பு அட் 354 போன்ற உவர் தாங்கும் நெல்லினத்தை நாடுகின்றார். மீன் வளர்ப்பிலும் முறை அதுவே. முதலில் நீரை அறிக. பின்பு மீனைத் தெரிக.

2. நீரை அறிதல்

உடப்புக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் முந்தல் களப்பு. இடையிலுள்ளது மணற்றரை. மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. கிணறுகளில் நாம் அள்ளுவது இப்படையையே. மாரி மழை பெய்த பின்னர் நன்னீராக இருக்கும் கிணறு, கோடையில் நீர் மிகுதியாக இறைக்கப்படும்போது உவர்க்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. எனவே, நீரை ஒருமுறை மாத்திரம் சோதித்தல் போதாது. மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதித்தல் வேண்டும்.

சவர்க்காரம் எளிதில் நுரைக்காவிடினும், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்மையான படிவு ஏற்படினும், அது சுண்ணாம்புச்சத்து மிகுந்த வன்னீர் என அறியலாம். தேநீரில் உவர்ப்புத் தெரியின் உப்பும் கலந்துள்ளது. வர்ணமீன் விற்கும் கடைகளில் நீரின் வன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் சோதனைத் தாள்களைப் பெறலாம்.

மரக்கறி பயிரிடுவோர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்துக்கு இடும் தழைச்சத்துப் பசளையில் பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதி, மணலினூடே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கின்றது. இம்மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், தோட்டச்செய்கை நிலத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, தோட்டத்து நடுவிலுள்ள கிணற்றைவிட வீட்டுக் கிணற்று நீரே தாங்கிக்கு நன்று. மருந்து தெளிக்கப் பயன்பட்ட வாளியாலோ குழாயாலோ தாங்கிக்கு நீர் எடுத்தல் கூடாது. கத்தரிக்குத் தெளிக்கும் சில பூச்சிகொல்லிகளின் சிறு துளியும் மீனைக் கொல்லவல்லது.

3. கரையோர நீருக்கு உகந்த மீன்கள்

வன்னீரில் நன்கு வாழ்பவை குட்டி ஈனும் இனங்களாகும். அவற்றுள் எளிதிற் கிடைப்பவை நான்கு.

கப்பி: ஆண் ஒன்றேகால் அங்குலமும் பெண் இரண்டு அங்குலமும் வளரும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் இது முக்கியமானது.

பிளாட்டி: இரண்டு முதல் இரண்டரை அங்குலம் வளரும், சாந்த குணமுடையது.

மொலி: இனத்துக்கேற்ப மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை வளரும். சிறிது உவர்ப்பையும் தாங்கும். கோடையில் உவர்க்கும் கிணறுடையோர்க்கு இதுவே முதலிடத்துக்குரியது.

வாள்வால் மீன்: நான்கு அங்குலம் வளரும். ஆண்கள் தம்முள் சண்டையிடும். துள்ளி வெளியே விழும். தாங்கிக்கு மூடி அவசியம்.

இவை யாவற்றிலும் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்னும் அளவில் விடுதல் வேண்டும். ஆண் மிகுந்தால் பெண் மீன்கள் ஓயாது துரத்தப்பட்டு மெலியும். வாள்வாலும் பிளாட்டியும் தம்முட் கலந்து கலப்பினக் குட்டிகளை ஈனும். தூய இனத்தை விற்க எண்ணுவோர், விதைநெல்லிற் கலப்பு நேராது காப்பது போல, இவ்விரண்டையும் வெவ்வேறாக வைத்தல் வேண்டும்.

4. தவிர்க்க வேண்டியவை

நியோன் டெட்ரா, ஹார்லிக்குவின் ஆகிய சிறு மீன்கள் மென்னீருக்குரியவை. நம் நாட்டுக்கே உரிய தித்தெயா, புலத்ஹபயா என்னும் மீன்களும் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த ஓடைகளில் வாழ்பவை. கரையோரக் கிணற்று நீர் அவற்றுக்கு ஏற்றதன்று. கூரையிற் சேர்த்த மழைநீரைக் கலந்து நீரை மென்மையாக்கலாம். எனினும், கோடை முழுவதற்கும் போதிய மழைநீரைச் சேமித்துவைக்க இயலாதோர் இதனைத் தொடங்காமலிருத்தலே நன்று.

பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் மிகுதி. அதனைக் கப்பியுடன் சேர்த்தல் பொருந்தாது. சண்டை மீனின் ஆண், வர்ண வாலுடைய ஆண் கப்பியைத் தன் பகையெனக் கருதித் தாக்கும். டைகர் பார்ப் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கிழிக்கும். எட்டுக்கு மேற்பட்ட கூட்டமாயின் கடி தம்முள்ளே அடங்கக்கூடும், ஆயினும் கப்பியுடன் சேர்க்கலாகாது. ஏஞ்சல் மீன் சிறிதாயிருக்கையில் சாந்தமாகத் தோன்றும். வளர்ந்தபின் கப்பிக் குஞ்சுகளையும் சிறு ஆண்களையும் விழுங்கும்.

கடையில் மூன்று அங்குலமாக விற்கப்படும் ஒஸ்கார் ஓரடி வளரும். ‘டாங்க் கிளீனர்’ எனப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறும் ஓரடிக்கு மேல் வளரும். கத்திமீன் மூன்றடி வரையும் வளரவல்லது. நான்கடித் தாங்கி இவற்றுக்குப் போதாது.

5. நான்கு கேள்விகள்

எந்த மீனையும் வாங்குமுன் இந்நான்கு கேள்விகளையும் கேட்டறிக.

(அ) முழு வளர்ச்சியில் இதன் நீளம் எவ்வளவு? கடையிலுள்ளது குஞ்சு. வாழைக்கன்றை நடும்போது கன்றின் அகலத்துக்கன்றி, வளர்ந்த மரத்தின் அகலத்துக்கே இடம் விடுகின்றோம்.

(ஆ) இதன் வாயினுள் மற்றைய மீன் அடங்குமா? அடங்குமாயின் ஒருநாள் விழுங்கும்.

(இ) இதன் குணம் யாது? இடம் பிடித்துக் காப்பதா, கூட்டமாகத் திரிவதா, தனித்து வாழ்வதா?

(ஈ) நீரின் எப்பகுதியில் இரை தேடுகின்றது? கிராமக் குளங்களிற் கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிரிகால் அடியிலும் இரை தேடுவதால் மூன்றும் ஒரே குளத்தில் வளர்கின்றன. தாங்கியிலும் அவ்வாறே. கப்பி மேற்பகுதியிலும், பிளாட்டியும் மொலியும் இடைப்பகுதியிலும் மிகுதியாகத் திரிவதால் நெருக்கம் குறைகின்றது. எஞ்சிய இரையை அடியில் வாழும் மீன் தின்று தீர்க்கும் என நம்ப வேண்டாம். இரையைக் குறைத்து இடுவதே வழி.

6. எத்தனை மீன்?

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தாங்கி சுமார் 56 லீற்றர் கொள்ளும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ளது சுமார் 255 லீற்றர் கொள்ளும். நீரின் நிறை மாத்திரம் ஏறக்குறைய கால் தொன். தாங்கும் மேசை அதற்கேற்ற உறுதியுடையதாதல் வேண்டும். மணலும் கல்லும் இட்டு விளிம்பில் இடம் விட்டபின் மீனுக்குக் கிடைப்பது சுமார் 220 லீற்றராகும்.

இத்தாங்கிக்கு ஆண் கப்பி 10, பிளாட்டி 6, மொலி 6 எனத் தொடங்கலாம். பிளாட்டியிலும் மொலியிலும் இரண்டு ஆண், நான்கு பெண். இது குறைவாகத் தோன்றலாம். எனினும், பெண் மீன்கள் ஏறக்குறைய மாதத்துக்கொருமுறை குட்டி ஈனுமாதலால், தாங்கி தானே நிறையும். இடமின்றி நெருக்கமாக நட்ட நாற்று விளைச்சல் தராதது போலவே இதுவும்.

7. இடம் மாற்றும் முறை

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அத்துணைக் கொடியதன்று. இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் படிந்து வாழ்வன. புதிய தாங்கியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

கரையோரக் கமக்காரர் இங்கு தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். காரத்தன்மை மிகுந்த வெதுவெதுப்பான நீரில் அமோனியாவின் நஞ்சு கூடுதலாகும். சுண்ணாம்பு மண்ணில் யூரியாவை மேலே தூவினால் மூக்கில் ஏறும் நெடியும் இதே வாயுவினதே. ஆகவே, மென்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அமோனியாவும் இங்கு அதனைக் கொல்லக்கூடும்.

இதற்குச் செய்யவேண்டியது: பழைய தாங்கியின் வடிகட்டிப் பஞ்சையும் இரண்டு கை மணலையும் ஈரம் உலராமல் எடுத்துப் புதிய தாங்கியில் இடுக. பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவற்க. முதலில் மூன்று நான்கு பழகிய மீன்களை மாத்திரம் விடுக. இரண்டு வாரம் அவை நலமாயிருப்பின் அடுத்த தொகுதியை விடுக. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. குழாய்நீராயின், திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்தபின் பயன்படுத்துக. கடற்கரை மணலையும் முருகைக்கல்லையும் தாங்கியில் இடவேண்டாம். அவை உப்பையும் சுண்ணாம்பையும் மேலும் கூட்டும்.

8. புதிய மீனைத் தனியே வைத்தல்

பெரிய தாங்கி வந்ததும் சிறியதை விற்றுவிட வேண்டாம். புதிதாக வாங்கும் மீனை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்ப்பதற்கும், குட்டிகளை வளர்ப்பதற்கும் அது பயன்படும். மீனுள்ள பையைக் கால்மணி நேரம் தாங்கி நீரில் மிதக்கவிட்டு, தாங்கி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் கலந்து, பின்பு மீனை மாத்திரம் வலையால் எடுத்து விடுக. பைநீரைத் தாங்கியில் ஊற்றற்க.

இதன் அருமையை இக்கரையோரம் நன்கறியும். 1996 இல் இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய், பல பண்ணைகள் ஒரே ஒல்லாந்தர் வாய்க்காலில் நீரெடுத்து அதிலேயே கழிவுநீரை விட்டதனால் பண்ணைக்குப் பண்ணை பரவியது. அது இறாலைத் தாக்கும் வைரசு நோய். நன்னீர் மீனின் உடலில் உப்புத் தூவியது போன்று தோன்றும் வெண்புள்ளி வேறொன்று. அது ஓர் ஒட்டுண்ணியால் வருவது. நோய் வேறாயினும் பாடம் ஒன்றே: ஒரே நீரைப் பகிர்வோர் நோயையும் பகிர்வர்.

9. மிகுந்த மீனை வெளியே விடற்க

தாங்கிக்கு அடங்காது வளர்ந்த மீனைக் கொல்ல மனமின்றி, குளத்திலோ வாய்க்காலிலோ களப்பிலோ விடுதல் பெருந்தீங்காகும். அலங்கார மீன்களாக நாட்டுக்குள் வந்த கத்திமீனும் உறிஞ்சுவாய்க் கெளிறும் இன்று நம் நீர்நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களுக்குக் கேடு விளைக்கின்றன. வயலிற் புகுந்த களையைப் பிடுங்கி எறியலாம்; குளத்திற் புகுந்த மீனைப் பிடித்துத் தீர்த்தல் அரிது. அந்நீரை நம்பி உழுபவரும் வலை வீசுபவரும் அயலவரே.

மிகுந்த மீனை மற்றொரு வளர்ப்பாளருக்குக் கொடுக்கலாம். கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். வெளியே வழிந்தோடாத, வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் கப்பியை விட்டால் நுளம்புக் கூத்தம்பிகளைத் தின்று உதவும். அனைத்திலும் சிறந்தது, அடங்காத மீனை வாங்காமலிருத்தலே.

10. சுருக்கம்

கிணற்று நீரை மாரியிலும் கோடையிலும் சோதிக்க.
வன்னீராயின் கப்பி, பிளாட்டி, மொலி, வாள்வால் என்பவற்றுள் தெரிக.
முழு வளர்ச்சி, வாய், குணம், இரை தேடும் இடம் ஆகிய நான்கையும் கேட்டபின் வாங்குக.
பழைய பஞ்சையும் மணலையும் புதிய தாங்கிக்குக் கொண்டுசெல்க.
இரண்டு வாரத்துக்கொருமுறை சிறிது சிறிதாக மீனைச் சேர்க்க.
புதிய மீனை மூன்று வாரம் தனியே வைக்க.
எந்த மீனையும் பொது நீர்நிலையில் விடற்க.

விற்பனைக்காக மீன் வளர்க்க விரும்புவோர், 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம். பசளை, பூச்சிகொல்லி ஆகியவற்றால் கிணற்று நீர் கெடாது காப்பது பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.