வீட்டு வீடியோவுக்கு எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்?

அறுபதாம் கல்யாணம், பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று எல்லார் போனிலும் கிளிப்புகள் குவிந்து கிடக்கின்றன. வேண்டாததை வெட்டி, பின்னணி இசை சேர்த்து, பத்து நிமிடப் படமாக்கிச் சொந்தபந்தங்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் தேவை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். அதற்காக ‘ஃப்ரீ’ என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கிவிடவும் கூடாது.

சாஃப்ட்வேரில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கம்ப்யூட்டர் எதைத் தாங்கும் என்று பாருங்கள். விண்டோஸில் ‘திஸ் பிசி’யை ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் ரேம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 8 ஜிபி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷாட்கட்டில் ஆரம்பியுங்கள். இது ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாட்டர்மார்க் விழாது, லாகின் கேட்காது, இத்தனை நாள்தான் என்ற கெடுவும் கிடையாது. கேடிஇ குழுவினரின் கேடென்லைவும் இதே ரகம்.

ஷாட்கட்டில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வசதி, ‘செட்டிங்ஸ்’ மெனுவில் இருக்கும் ‘ப்ராக்ஸி’. அதை ஆன் செய்தால், போனில் எடுத்த 4கே கிளிப்புக்கு ஒரு சிறிய நகலை உருவாக்கிக்கொள்ளும். டைம்லைனில் நீங்கள் வெட்டி நகர்த்துவது அந்த நகலை. எக்ஸ்போர்ட் செய்யும்போது தானாக அசலை எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப் திக்கித் திணறுகிறதே என்று புது மெஷின் விலை விசாரிக்கப் போகிறவர்கள், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் டாவின்சி ரிசால்வ் பக்கம் போகலாம். ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த கலர் கிரேடிங் கருவி இது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் இதை வாங்கிய பிறகுதான் சாமானியர் கைக்கும் வந்தது. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். கல்யாண மண்டப விளக்கில் முகமெல்லாம் மஞ்சளாகிப்போன காட்சிகளைச் சரிசெய்ய இலவசத்தில் இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் பழகக் கொஞ்சம் நாளாகும். லினக்ஸ்காரர்கள் கவனிக்க: அங்கே இலவசப் பதிப்பு, போன்களில் வழக்கமாக வரும் எச்.264 எம்பி4 ஃபைல்களைத் திறக்காது.

மேக் இருந்தால் ஐமூவி போதும். விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. 1080பி வரை வாட்டர்மார்க் இல்லை. பழைய மூவி மேக்கரைத் தேடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே அதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அந்தப் பெயரில் ஒரு போலி உலவிப் பணம் பறித்ததை ஈசெட் நிறுவனம் அம்பலப்படுத்தியது. ‘கிராக்’ செய்த அடோபி பிரீமியரை நண்பர் பென்டிரைவில் கொடுத்தாலும் வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எதையும், நீங்கள் நெட் பேங்கிங் செய்யும் லேப்டாப்பில் ஏற்றக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முழுப் படத்தையும் அதில் தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைக் கடைசிவரை முடித்து, எக்ஸ்போர்ட் செய்து, டிவியில் போட்டுப் பாருங்கள். சில சாஃப்ட்வேர்கள் எல்லா வேலையையும் செய்யவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தும்போதுதான் வாட்டர்மார்க்கைக் காட்டிப் பணம் கேட்கும். இந்தச் சோதனையில் அது முதல் நாளே தெரிந்துவிடும்.

அடுத்து உதட்டசைவைக் கவனியுங்கள். போன் கேமராக்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும். அதனால் சில சாஃப்ட்வேர்களில் ஆரம்பத்தில் சரியாக இருக்கும் குரல், போகப் போகப் பின்தங்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைக் கண்டால் மாற்றட்டுமா என்று தானே கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

தமிழ் டைட்டிலையும் அப்போதே சோதித்துவிடுங்கள். ‘கொலு’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீநிவாசன்’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ அந்த டைட்டில் கருவியை நம்பாதீர்கள். பெயர்களை வேறோர் ஆப்பில் டிசைன் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, டைம்லைனில் மேல் டிராக்கில் வைத்தால் போதும். பத்திரிகையில் பெயர் தப்பாக விழுந்தால் எவ்வளவு வருத்தப்படுவார்களோ, அவ்வளவு வருத்தம் இதிலும் உண்டு.

செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், சாஃப்ட்வேருக்கு முன்னால் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். எல்லா கிளிப்பையும் பாட்டையும் படத்தையும் அதில் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருப்பதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான். இடம் பத்தவில்லை என்று பாதியில் போன் வீடியோக்களை அழித்தால் டைம்லைன் காலியாகிவிடும்.

எக்ஸ்போர்ட்டுக்கு எம்பி4, எச்.264, 1080பி, 8 எம்பிபிஎஸ். இந்த அளவில் பத்து நிமிடப் படம் ஏறக்குறைய 600 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் அடிபடும்; ‘டாக்குமென்ட்’ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் சினிமாப் பாட்டு காப்பிரைட் சிக்கலில் மாட்டும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை நிறைய இருக்கிறது.

பார்த்தவர்கள் எங்களுக்கும் செய்து கொடுங்கள் என்று காசோடு வந்தால்? ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே கட்டண வேலையும் செய்யலாம், தடையில்லை. ஸ்டூடியோ பதிப்பு வேண்டுமென்றால் ஒருமுறை 295 டாலர், சந்தா கிடையாது. ஏதாவது நிறுவனம் பிரீமியரில்தான் வேண்டும் என்று சொன்னால், வேலை உறுதியான மாதத்தில் மட்டும் சந்தா கட்டுங்கள். சேரும்போது திட்டத்தின் பெயரை நிதானமாகப் படியுங்கள். ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டும் திட்டத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் நிறுத்தினால், அடோபி மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்கும்.