தோப்பியும் பீரும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனாரால் 500 அடிகளில் இயற்றப்பட்டது. ஆநிரை கவர்ந்து மீண்ட வீரர் தம் இல்லத்தில் அட்ட தோப்பி என்னும் கள்ளைப் பருகுதலை அந்நூல் ஓரிடத்திற் கூறும். வலைஞர் மனையில் மது அடும் முறையைப் பிறிதோரிடத்தில் விரித்துரைக்கும். மதுவை வாயிற்படி ஏறவிடாத குடும்பங்களிற் பிறந்த யாம், இந்நூலை முதன்முறை பயின்றபோது இப்பகுதிகளை நாணத்தோடு விரைந்து கடந்தோம். கள் என்றவுடன் பனங்கள் என்றே துணிந்து தேர்விலும் அவ்வாறே வரைந்தோம். அது பிழை என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வலைஞர் கையாண்ட முறை வருமாறு: தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி அடுவர், அதனை வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுவர், அடையை இடித்து அதனுடன் கலப்பர், வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிர்விப்பர், பின்னர் விரலால் அலைத்து வடிப்பர். இங்கு அடை என்றது நெல்முளையை. பனைமரம் இதனுள் யாண்டும் வரவில்லை.

முளையை இடுவது எற்றுக்கு? பனஞ்சாறு இயல்பிலேயே சர்க்கரையுடையது. ஆதலின் விரைவிற் புளித்துக் கள்ளாகும். தானியத்தில் உள்ளதோ மாவுப்பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதனை அவ்வாறே உண்ணமாட்டாது. விதை முளைக்குங்கால் மாவைச் சர்க்கரையாக்கும் பொருளொன்றைத் தானே தோற்றுவிக்கின்றது. பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1833இல் அதனைப் பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். ஈஸ்டின் தொழிலைப் பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இற்றை நாளில் இங்கிலாந்தில் பொழுதுபோக்காக வீட்டிற் பீர் அடுவோரும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றனர். முளைவித்து உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிய சாற்றை வடிப்பர். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவோடு அதனைக் காய்ச்சி, 20 பாகை அளவிற்கு ஆறிய பின்னரே ஈஸ்டை இடுவர். சூட்டில் இடின் அவ்வுயிர் மாண்டுவிடும். களியைப் பிழாவில் ஆற்றிய வலைமகளும், காரணத்தின் பெயரறியாமலே இந்நுட்பத்தைக் கைக்கொண்டாள் போலும்!

வேறுபாடு புட்டியில் உளது. வலைஞர் மதுவைச் சாடியினின்றே வடித்துப் பருகினர். பீர் அடுவோர், நொதித்தல் முற்றியபின் லிட்டருக்கு 6 கிராம் அளவு சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைப்பர். எஞ்சிய ஈஸ்ட் அதனை உண்டு கரியமில வாயுவை வெளியிட, அது போக வழியின்றி மதுவிற் கரையும். இரு வாரத்தில் நுரை அமையும். முற்றுமுன் அடைப்பின் புட்டி வெடித்துச் சிதறும். ஆகவே ஹைட்ரோமீட்டரால் சில நாள் அடர்த்தியை அளந்து, அது மேலும் குறையாது நிற்றலைக் கண்டே மூடுவர். கருவி இல்லாத அக்காலத்துப் புலவரும் இம்முதிர்வைக் குறிக்க மறந்தாரல்லர். வழைச்சு, அஃதாவது இளமை, நீங்க விளைந்தது என்று நுணுகி உரைத்தார்.

இங்கிலாந்தில் 1963 வரை இதற்கு உரிமச்சீட்டு வேண்டியிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1978இல் இயற்றிய சட்டமே, குறித்த அளவிற்குட்பட்டு, வீட்டு பீருக்குக் கூட்டாட்சி வரியை நீக்கிற்று. நம் மாநிலத்திலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது அடுதல் குற்றமாம். யாம் இதனைக் கற்றது அடுதற்கன்று; பொருள் அறிதற்கே.

வேண்டாத பொருளை விலக்குதல் வேறு. அதனை அறியாதிருத்தல் வேறு. பொருளை அறிய மறுப்போர் அதனைக் கூறும் சொல்லையும் இழப்பர். பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளில் தேடி ஒப்புநோக்கி 1889இல் அச்சேற்றினார். அழியாது காத்துத் தந்த அச்சொற்களை நாணத்தால் தாண்டிச் செல்லுதல் தமிழ் மாணாக்கர்க்கு முறையன்று. இனித் தோப்பி யாதென வினவப்படின், நெல்லால் அட்ட கள் என்றே விடை எழுதுவோம்.