ஓடும் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்குமுன்

மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் 1899ஆம் ஆண்டின் மகாராணி சலூன் பெட்டி நிற்கிறது. சமையலறை, கழிவறையுடன் ஓடும் வீடு! இன்று வேனை அப்படி மாற்றிக்கொள்ளும் அன்பர்கள் முதலில் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். வீட்டில் 230 ஏ.சி.; நான் பார்த்த ரயில் பெட்டிகளில் 110 டி.சி.; வேன் பாட்டரியிலோ பெரும்பாலும் 12 தான்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட் சாதனம் வீட்டில் சுமார் கால் ஆம்பியர் இழுக்கும்; வேனில் 5 ஆம்பியர். மெல்லிய ஒயர் சூடேறும், தீயும் பிடிக்கலாம். பாட்டரிக்கு அருகிலேயே, ஒயர் தாங்கும் அளவில் ப்யூஸ் போடுங்கள். அடிக்கடி போகிறதே என்று பெரிய ப்யூஸ் மாட்டாதீர்கள்.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? பிரிக்குமுன், ஓடும்போதே மீட்டர் வையுங்கள். பாட்டரி முனையில் 12, ஃப்ரிட்ஜ் முனையில் 11 என்றால் மாற்ற வேண்டியது ஒயரை. அல்லது தளர்ந்த இணைப்பை முறுக்கினாலே போதும்.